கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

ஒலியும் கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முப்பது வருடமாக ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறேன். மூன்று வருடமாகக் கல்யாண வரவேற்புகளுக்கு டீஜேயும் செய்கிறோம். அதை என் மகன் பார்த்துக்கொள்கிறான். இப்போது எங்களிடம் இருப்பது ஒரு மிக்ஸர் ஆம்ப்ளிஃபையர், ஒரு லேப்டாப், ஒரு சிறிய கன்ட்ரோலர். ஒலியைக் கலப்பதும் லேப்டாப் மென்பொருளை இயக்குவதும் ஒரே பெட்டியில் நடக்கும் புது வகை மிக்ஸர் வேண்டும் என்கிறான். விலை ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். இரண்டு வேலையும் இப்போதே நடக்கிறதே, எதற்கு இது?
— வாசகர், காங்கேயம்

பதில்: உங்கள் தோட்டத்துப் போர்வெல் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருப்பீர்கள். கடைவீதியில் நின்றுகொண்டு போனை அழுத்தினால் தோட்டத்தில் தண்ணீர் விழும். ஆனால் தண்ணீர் போன் வழியாக வருவதில்லை. போன் அனுப்புவது கட்டளை மட்டும். உங்களிடம் இருக்கும் கன்ட்ரோலர் அந்தப் போன்தான். அதில் ஒரு குமிழைத் திருப்பினால் 0 முதல் 127 வரை ஏதோ ஒரு எண் லேப்டாப்புக்குப் போகிறது. 1983இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டின் எண் கணக்கு அது, இன்றும் ஓடுகிறது. பாட்டைத் திறப்பது, இரண்டு பாட்டைக் கலப்பது, அடித்தொனியைக் குறைப்பது எல்லாம் லேப்டாப்பின் வயிற்றுக்குள் நடக்கிறது. கலந்து முடிந்த ஒலிதான் வெளியே வருகிறது.

உங்கள் மகன் கேட்கும் மிக்ஸரில், தண்ணீரைக் கையால் திறந்து மூடும் கேட் வால்வும் ஸ்டார்ட்டரும் ஒரே இடத்தில் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து இரண்டு பாட்டும் கலக்காமல், தனித்தனியாக யூஎஸ்பி வழியே வந்து மிக்ஸரின் தனித்தனி சேனலில் விழுகின்றன. கலப்பது மிக்ஸரின் வேலை. அதே பெட்டியில் விரலால் அழுத்தும் பேடுகளும் சில குமிழ்களும் மட்டும் எதிர்த்திசையில் லேப்டாப்புக்குக் கட்டளை அனுப்புகின்றன. மைக்கும், பென்டிரைவ் பிளேயரும், பழைய ரெக்கார்டு பிளேயர் இருந்தால் அதுவும் நேராக மிக்ஸருக்குள் போகலாம். போனில் சிக்னல் இல்லாமல் போனாலும் கேட் வால்வைக் கையால் திருப்ப முடியும் அல்லவா, அந்தச் சௌகரியம்தான் இதற்கான விலை.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. டீஜே மென்பொருள் செய்யும் செராட்டோவும் மிக்ஸர் செய்யும் ரேனும் சேர்ந்து 2004இல் ஸ்கிராட்ச் லைவ் என்ற டீஜே மென்பொருளைக் கொண்டுவந்தபோது, லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே தனியாக ஒரு சிறு பெட்டி இருந்தது. அதனுடன் வரும் இசைத்தட்டில் பாட்டே கிடையாது. ஒரு குறியீட்டு ஒலி மட்டும் பதிந்திருக்கும். தட்டு எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை அந்த ஒலியிலிருந்து மென்பொருள் கணக்கிடும். இது தெரியாமல் ஒரு தட்டை நேராக ஆம்ப்ளிஃபையரில் போட்டுவிட்டேன். எதிர்க்கடை டீ மாஸ்டர் குக்கரில் ஏதோ கோளாறு என்று ஓடிவந்தார். பிறகு அந்த நடுப்பெட்டியை மிக்ஸருக்குள்ளேயே வைத்து ரேன் டிடிஎம் 57 எஸ்எல் வந்தது. 2012இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிராக்டர் கன்ட்ரோல் இசட்2, 2015இல் பயனியரின் டிஜேஎம் எஸ்9 என்று வரிசை நீண்டது. ஸ்கிராட்ச் லைவ் மென்பொருள் பின்னாளில் கைவிடப்பட்டது. அந்த 57 எஸ்எல்லோ, லேப்டாப்பே இல்லாமலும் நல்ல மிக்ஸராக இன்றும் வேலை செய்யும். நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும்.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் நோம்பி. வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி ஏற்பாடு செய்திருந்தார்கள்; ஒரே நிறச் சேலையில் இருநூறு பேருக்குக் குறையாமல் வரிசை கட்டி நின்றார்கள். பின்னணித் தாளம் லேப்டாப்பில் இருந்தது. கும்மி ஆசிரியரின் குரலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில், மைக்கையும் லேப்டாப் வழியாகவே கொடுத்திருந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் திரை நீலமாக மாறி, புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தாளம் போயிற்று, மைக்கும் போயிற்று. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 30இலேயே நின்றிருந்தது.

கும்மி நிற்கவில்லை. ஆசிரியர் ஒரு கையை உயர்த்தி, வெறும் தொண்டையில் அடியெடுத்துக் கொடுத்தார். முன்வரிசை வாங்கிப் பாடியது, அடுத்த வரிசை அதை வாங்கியது. கைத்தட்டும் சலங்கையும் தாளம் பார்த்துக்கொண்டன. பதினோரு நிமிடம் கழித்து லேப்டாப் எழுந்து வந்தபோது அவர்கள் இரண்டு பாட்டு தாண்டிப் போயிருந்தார்கள். நான் அவசரத்தில் விட்ட இடத்திலிருந்து தாளத்தைப் போட, அது ஒரு பக்கமும் இவர்கள் ஒரு பக்கமும் இழுக்க, ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நிறுத்தியே வை, அப்புனு” என்றார். எங்கள் பக்கம் சின்னப் பையன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் மகன் திரையின் அழகைப் பார்க்கட்டும். நீங்கள் வேறொன்றைப் பாருங்கள். ஒரு மைக்கையும் ஒரு செல்போனையும் மிக்ஸரில் இணைத்துப் பாட்டை ஓடவிடுங்கள். லேப்டாப்பிலிருந்தும் ஒரு பாட்டு ஓடட்டும். பேசிக்கொண்டே யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். லேப்டாப் பாட்டு நிற்க வேண்டும். உங்கள் குரலும் போனில் ஓடும் பாட்டும் நிற்கக் கூடாது. அத்துடன் விடாதீர்கள். மிக்ஸரை அணைத்து, லேப்டாப்பை எடுத்துத் தூர வைத்துவிட்டு, மறுபடி போடுங்கள். மிக்ஸர் போன்ற தோற்றத்தில் வரும் சில பெட்டிகள் லேப்டாப் இல்லாமல் கண்ணே திறக்காது, அவை கன்ட்ரோலர்கள். மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் விலைதான் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். காங்கேயம் காளையைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா?

இன்னும் சில. மைக் இணைப்பு எத்தனை என்று எண்ணுங்கள். பல டீஜே மிக்ஸர்களில் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். நிச்சயதார்த்தத்தில் பேச நிற்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே பழைய மிக்ஸர் ஆம்ப்ளிஃபையரை விற்றுவிடாதீர்கள். மைக்குகள் அதிலேயே இருக்கட்டும், புது மிக்ஸரின் வெளியீடு அதில் ஒரு சேனலில் வந்து சேரட்டும். வெளியீட்டில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் சாக்கெட் கட்டாயம் வேண்டும். மேடையிலிருந்து ஸ்பீக்கர் பாக்ஸ் வரை நூறு அடி வயர் இழுக்கும்போது, டிவிடி பிளேயருக்குப் போடும் ஆர்சிஏ பின் வயர் ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். யூஎஸ்பி கேபிளை நீளமாக வாங்காதீர்கள். ஐந்து மீட்டருக்கு மேல் போனால் அது நம்பிக்கைக்கு உரியதல்ல. சில மிக்ஸர்களைச் செருகினாலே மென்பொருள் முழுதாகத் திறந்துகொள்ளும், சிலவற்றுக்கு மென்பொருளைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு யூஎஸ்பி சாக்கெட் இருந்தால் நல்லது. ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும்போது பாட்டை நிறுத்தாமல் லேப்டாப் மாற்றலாம். மாற்று லேப்டாப் ஒன்றைத் தயாராகவும் வைத்திருக்கலாம்.

மாதம் இரண்டு வரவேற்பு மட்டும் வருகிறது என்றால் இப்போது வேண்டாம். மைக்கை லேப்டாப்பிலிருந்து பிரித்து வையுங்கள், போதும். முகூர்த்த நாளெல்லாம் மகன் வீட்டில் இருப்பதில்லை என்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கும்மிக் குழுவில் பாட்டு மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகம் ஏற வேண்டும். பதிவு செய்த பாட்டை லேப்டாப்பில் வேகப்படுத்தினால் பாடுபவரின் குரல் கீச்சுக் குரலாகிவிடுகிறது. மிக்ஸர் மாற்றினால் சரியாகுமா?
— வாசகி, அவிநாசி

பதில்: மிக்ஸர் மாற்ற வேண்டாம் அம்மணி. இது மென்பொருளில் ஒரு பொத்தான். வேகத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பன்னிரண்டு சதவீதத்தில் ஒரு கட்டை. இசைத்தட்டை விரலால் வேகமாகச் சுற்றினால் நடப்பது இதேதான். டீஜே மென்பொருளில் கீ லாக் என்று ஒன்று இருக்கும். சில கருவிகளில் அதற்கு மாஸ்டர் டெம்போ என்று பெயர். அதைப் போட்டுவிட்டால் வேகம் ஏறும், சுருதி நிற்கும். கணினி அந்த ஒலியைச் சின்னச்சின்னத் துண்டுகளாக வெட்டி நெருக்கி ஒட்டுகிறது. எட்டு, பத்து சதவீதம் வரை காதுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் தாளத்தின் அடி மழுங்கும், சலங்கை ஒலி தகரத்தில் மணல் கொட்டியது போலாகும்.

அதனால் ஒரே பதிவை அடியிலிருந்து உச்சி வரை இழுக்காதீர்கள். மெதுநடை, நடுநடை, விரைவு என்று மூன்று பதிவாகப் பாடி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுங்கள்.

ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்களுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் ஆடுபவரின் காலைப் பார்த்து வேகம் கூட்டுவார்கள். பின்வரிசையில் ஒரு சிறுமி தடுமாறினால் அரைக்கணம் பிடித்து வைப்பார்கள். எந்த மென்பொருளும் பின்வரிசையைப் பார்ப்பதில்லை. பாட ஆள் இருந்தால் மைக்கை அவரிடம் கொடுங்கள், தாளத்தை மட்டும் லேப்டாப்பில் வையுங்கள்.

கேள்வி: மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் ஃபேடரை நகர்த்தினால் கரகரவென்று ஒலிக்கிறது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கம்பெனிக் கோளாறா?
— வாசகர், பல்லடம்

பதில்: ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் கடைக்குப் பக்கத்தில் விசைத்தறி இருக்கிறதா? பல்லடம், சோமனூர் பக்கத்திலிருந்து வரும் மிக்ஸர்களைத் திறந்தால் ஃபேடர் பள்ளத்துக்குள் பஞ்சு படிந்திருக்கும். ஒரு தடவை முள்வாங்கியால் இழுத்தபோது அரை விரல் நீளத்துக்கு அப்படியே கம்பளித் துண்டு போல எழுந்து வந்தது. அதற்குள் ஓர் அட்சதை அரிசி. ஃபேடருக்குள் கரிப்பூச்சுப் பட்டை ஒன்று இருக்கிறது, அதன்மேல் மெல்லிய உலோக விரல்கள் வழுக்கிச் செல்கின்றன. நடுவே தூசு சிக்கினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதுதான் கரகரப்பு.

ஃபேடருக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, இருபது தடவை மேலும் கீழும் நகர்த்துங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் கூடாது. சிரிக்க வேண்டாம், தேங்காய் எண்ணெய் மணத்தோடு ஒரு மிக்ஸர் என் மேசைக்கு வந்திருக்கிறது. அன்று சரியாகிவிட்டதாம்; ஒரு வாரத்தில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து பசையாகிவிட்டது. வேலை முடிந்ததும் ஒரு பழைய வேட்டித் துண்டால் மூடி வையுங்கள். அடுத்த முறை வாங்கினால் ஃபேடரைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகவோ, காந்த ஃபேடர் உள்ளதாகவோ பாருங்கள். காந்த ஃபேடரில் உரசும் பட்டையே கிடையாது.

கேள்வி: லேப்டாப்புக்கு சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எடுத்தால் நின்றுவிடுகிறது. லேப்டாப் கெட்டுவிட்டதா?
— வாசகர், பெருந்துறை

பதில்: இல்லை. லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் இன்னொரு மூலையில் உள்ள பிளக்கிலும் எர்த் வாங்கும்போது, இரண்டு எர்த்தும் உங்கள் ஆடியோ வயர் வழியாக ஒன்றையொன்று சுற்றி வளைத்துக்கொள்கின்றன. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் அந்த ‘ம்ம்ம்’. எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து எடுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆடியோ வழியில், ஒலியை மட்டும் கடத்தி எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், இரைச்சல் நிற்கவும் செய்யும். ஈரத்தரைப் பந்தலில் மைக்கைப் பிடிப்பவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. செய்யாதீர்கள்.

கேள்வி: பேடை அழுத்தினால் ஒலி சற்றுத் தாமதமாக வருகிறது. புது மிக்ஸர் வாங்கினால் போய்விடுமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது. லேப்டாப் ஒலியைக் குடம்குடமாகத்தான் அனுப்பும். அந்தக் குடத்தின் அளவுக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 44,100 ஒலித்துளிகள் (சாம்பிள்) ஓடும்போது பஃபரை 1024 என்று வைத்திருந்தால் ஒரு குடம் நிறையவே 23 மில்லிநொடி ஆகும். 256 என்று வைத்தால் ஆறுக்கும் குறைவு. ரொம்பக் குறைத்தால் லேப்டாப் திணறி ஒலி வெடிக்கும். 1024இல் தொடங்கி, வெடிக்காத எல்லை வரை இறங்கி வாருங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் மிக்ஸர் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் மென்பொருளை ஏற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸைக் கேட்டு வாசித்தால் அதிலேயே முப்பது போய்விடும். அதற்கு எந்த டிரைவரும் கிடையாது. ஹெட்போனில் கேளுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயர் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் ப்ளூடூத்தில் இணைத்துவிடலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் பாட்டுப் போட மட்டும். டீஜேக்கு உதவாது, தாமதம் அதிகம். மேலும் ஒரு புதுமனைப் புகுவிழாவில் அப்படி இணைத்திருந்தபோது வீட்டுக்காரரின் போனுக்கு நகைக்கடன் தவணை நினைவூட்டும் அழைப்பு வந்தது. வாஸ்து பூஜைக்கு வந்த அத்தனை பேரும் தொகையைத் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல் ‘இன்னும் ஒரே ஒரு பாட்டு’ என்று கேட்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
— வாசகர், தாராபுரம்

பதில்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். இதையெல்லாம் பந்தலில் விளக்கினால் யார் கேட்பார்கள்? நான் 9.50க்கு ஒலியைப் பாதியாக இறக்கிவிடுவேன். 9.55க்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்து நன்றி சொல்லச் சொல்வேன். அவர் முடிப்பதற்குள் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் கடையில் என்ன மிக்ஸர் வைத்திருக்கிறீர்கள்?
— வாசகர், பவானி

பதில்: இரண்டு. ஒன்று மழைக்காலத்தில் மட்டும் மூன்றாவது சேனல் பேசாத பழைய நான்கு சேனல் மிக்ஸர். இன்னொன்று இந்தப் புது வகை, பழையதாக வாங்கியது. பேடுகளில் எழுத்து அழிந்துவிட்டது, கையால் தடவித்தான் கண்டுபிடிப்பேன். சத்தி ரோட்டில் என் கடைக்கு வருபவர்கள் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கலாம். போகும்போது மறுபடி செருகிவிட்டுப் போங்கள். சென்ற வாரம் யாரோ செருகாமல் போய்விட்டார்கள். லேப்டாப்பில் கோளாறு என்று அரை மணி நேரம் தேடினேன்.